புகை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: புகை மணம் கொண்ட ஸ்காட்ச் விஸ்கி ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கே உரியது என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்நாட்டின் மலைநாடான ஹைலேண்ட் பகுதியில் உள்ள எட்ரடோர் என்னும் சிறிய வடிசாலை, ‘பலெக்கின்’ என்ற பெயரில் கடும் புகை மணமுள்ள சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை) வெளியிடுகிறது. இது ஐலாவைப் பார்த்துச் செய்ததா? அதற்குச் சொல்லப்படும் 50 பிபிஎம் என்ற அளவு எதைக் குறிக்கிறது?

பதில்: பார்த்துச் செய்தது என்று சொல்வது ஹைலேண்டின் வரலாற்றுக்குப் பொருந்தாது. சதுப்பு நிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தாவரங்கள் மட்கிப் படிந்த பீட் என்னும் கரிமண்ணை எரித்து, முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது தானியத்தில் ஏறும் மணமே இந்தப் புகை. ரயில் வழியாக நிலக்கரியும் கல்கரியும் தாராளமாக வந்து சேரும் வரை, மலைநாட்டு வடிசாலைகளும் பீட்டையே பெரிதும் நம்பியிருந்தன. எட்ரடோர் அமைந்துள்ள பெர்த்ஷையரின் பிட்லோக்ரிக்கு ரயில் வந்தது 1863-இல்தான். ரயிலே இல்லாத ஐலாவில் பீட் நிலைத்துவிட்டதால், புகைக்கும் அந்தத் தீவின் பெயரே நிலைத்துவிட்டது.

பலெக்கின் என்பதும் புதிதாகப் புனைந்த பெயரன்று. அதே வட்டாரத்தில் இயங்கி 1927-இல் மூடப்பட்ட ஒரு பண்ணை வடிசாலையின் பெயர் அது. 2002-இல் எட்ரடோரை ஆண்ட்ரூ சிமிங்டன் வாங்கிய பிறகு, வழக்கமான புகையற்ற விஸ்கியோடு இதையும் வடிக்கத் தொடங்கி, 2006-இல் முதன்முதலாக வெளியிட்டார்கள். மறைந்துபோன ஓர் அண்டை வடிசாலையின் பெயரை இவ்வாறு மீட்டெடுத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பிபிஎம் குறித்துத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, புகை மணம் தரும் பீனால் சேர்மங்கள் உள்ளன என்னும் கணக்கு. ஆனால் பொதுவாக அந்த அளவை எடுப்பது உலர்த்திய பார்லியில்தானே தவிர, புட்டியில் உள்ள விஸ்கியில் அல்ல. அரைத்து ஊறவைத்த பார்லியின் சக்கையோடும், வடித்தபின் கொப்பரையில் தங்கும் நீரோடும் பீனாலின் கணிசமான பகுதி போய்விடுகிறது. கனமான பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியிலேயே மிகுதியாக வெளிவருவதால், வடிப்பவர் எந்தக் கட்டத்தில் சேகரிப்பை நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்து, ஒரே பார்லியிலிருந்து மென்புகையும் கிடைக்கலாம், கடும்புகையும் கிடைக்கலாம். பிறகு ஓக் பீப்பாயில் கழியும் ஆண்டுகளும், சட்டப்படி அவை 3-க்குக் குறையக்கூடாது, புகையை மேலும் தணிக்கின்றன. ஆகவே 50 என்ற எண்ணைக் கொண்டு இரண்டு புட்டிகளை ஒப்பிடுவதைவிட, அவற்றின் வயதையும் பீப்பாயின் வகையையும் பார்ப்பது பயன் தரும்.