பவண்டோ பாட்டிலும் கடைக்காரரின் காலிப் பெட்டியும்

கேள்வி: விருதுநகரில் என் தாத்தா வாங்கிக் கொடுத்த பவண்டோ, என் பேரன் காலத்திலும் கடையில் கிடைக்கிறது. நாடெங்கும் விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு நடுவே ஒரு பழைய பெயர் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பது வெறும் பாசத்தினால்தானா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, திருமங்கலம்)

பதில்: பாசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது வாடிக்கையாளரைக் கடை வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். சித்திரை வெயிலில் நா வறண்டு வந்து நிற்பவரிடம் கடைக்காரர், “அது இல்லைங்க, இதுதான் ஜில்லுன்னு இருக்கு” என்று வேறொன்றை எடுத்து நீட்டினால், அதை வாங்கிக் குடிப்பாரே தவிர, பழைய பெயரைத் தேடி அடுத்த தெருவுக்கு நடக்க மாட்டார். ஆகவே கேள்வியைச் சற்றே திருப்பி, கடைக்காரர் ஏன் அந்தப் பாட்டிலை இன்னும் வாங்கி வைக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் நிறுவனத்தை விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய ஆண்டு 1916. கோலி சோடாவின் காலம் அது. பவண்டோ வந்தது 1950-களின் கடைசியில். குளிர்பானம் என்பது பெரும்பகுதி தண்ணீர்தான். அதைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் போனால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரு காலத்தில் நம் பக்கத்தில் சற்றுப் பெரிய ஊர்களில் எல்லாம் சோடா கம்பெனி இருந்தது. அட்லாண்டாவில் பிறந்த கொக்கோ கோலாவும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. மூலச்சாற்றை மட்டும் அனுப்பிவிட்டு, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து அடைக்கும் வேலையை அந்தந்த வட்டாரத்து ஆலைகளிடம்தான் விட்டது. வெளியூர்க்காரர் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டிய ஆலையும் வண்டியும் உள்ளூர்க்காரரிடம் ஏற்கெனவே இருந்தன.

இன்னொன்று, பாட்டில். மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்குப் பழக்கமான மொத்தக் கடை உண்டு. காலிப் பெட்டியை ஏற்றினால்தான் நிரம்பிய பெட்டி இறங்கும். பெட்டிக்கு 24 பாட்டில். ஒன்று உடைந்தாலும் கணக்கில் ஏறும். அங்கே ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்; தோளிலும் அடியிலும் வெள்ளையாக ஒரு வளையம் தேய்ந்திருக்கும். பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசியபடி எத்தனையோ முறை ஆலைக்கும் கடைக்கும் போய்வந்ததன் தழும்பு அது. உள்ளே இருக்கும் 200 மி.லி. பானத்தைவிட அந்தக் கண்ணாடிக்கு எடை அதிகம், புதுப் பாட்டிலின் விலையும் ஒரு நடையில் திரும்பி வந்துவிடாது. ஆகவே ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பாட்டில்களைச் சுற்றில் விட்டிருக்கும் பழைய நிறுவனத்துக்கு அது பெரிய பலம். கடைக்காரருக்கும் அந்தக் காலிப் பெட்டிகளில் டெபாசிட் முடங்கிக் கிடப்பதால், நினைத்தவுடன் வேறு சரக்குக்கு மாறிவிட முடியாது. பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு இந்தப் பிடி தளர்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பி வர வேண்டிய பாட்டில் இல்லையென்றால் எவரும் எங்கும் சரக்கை இறக்கலாம்.

விற்காமல் இருந்ததும் ஒரு காரணம். 1977-இல் வெளியேறிய கொக்கோ கோலா 1993-இல் திரும்பியபோது, பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகிய பெயர்களை வாங்கிக்கொண்டது. தம்ஸ் அப் இன்றும் விற்கிறது. ஒரு தலைமுறையே குடித்து வளர்ந்த கோல்டு ஸ்பாட் கடைகளிலிருந்து மறைந்துபோனது. அதைக் குடித்தவர்களின் பாசத்தில் குறை ஒன்றும் இருக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை கைமாறியிருந்தது, அவ்வளவுதான். காளிமார்க் குடும்பத்தின் கையிலேயே இருந்ததால், அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா கைவிடுவதா என்று வேறொருவர் தீர்மானிக்கும் நிலை வரவில்லை.

கேள்வி: 2017-இல் வணிகர்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் உள்ளூர்ப் பானங்களுக்கு வாழ்வு வந்தது என்கிறேன். சரிதானே?
(மளிகைக் கடைக்காரர், மேலூர்)

பதில்: பாதி சரி. அந்தத் தை மாதம் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டதையும், அதன் தொடர்ச்சியாக மார்ச் 1 முதல் அந்தப் பானங்களை விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்ததையும் நீங்கள் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்திருப்பீர்கள். அலமாரியில் இடம் காலியானது உண்மை. ஆனால் கோடை தொடங்கும் நேரத்தில் திடீரென்று கேட்கும் அளவுக்கெல்லாம் சரக்கு கொடுக்க எந்தச் சிறிய ஆலையாலும் இயலாது. இயந்திரம், பாட்டில், கடை கடையாகச் சரக்கு இறக்கும் லைன் வண்டி மூன்றும் ஒரே மாதத்தில் பெருகிவிடுவதில்லை. உள்ளூர்ப் பானம் ஒன்றைக் கேட்டு அந்தச் சித்திரையில் நானே இரண்டு கடைகளில், “வண்டி இன்னும் வரலை” என்ற பதிலோடு திரும்பியிருக்கிறேன். சில மாதங்களில் பெரிய நிறுவனங்களின் பாட்டில்கள் அலமாரிக்குத் திரும்பின. அவை கொடுத்து வைத்த குளிர்சாதனப் பெட்டியில் வேறு பானத்தை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்குமே, அது உங்களுக்குத் தெரியாததா? இடைப்பட்ட காலத்தில் வாரம் தவறாமல் சரக்கு இறக்கியவர்கள்தாம் அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: சிறிய நிறுவனங்களுக்கு வரியில் சலுகை உண்டா?
(கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

பதில்: விகிதத்தில் இல்லை. காற்றடைத்த பானங்களுக்கு 2017 ஜூலை முதல் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 12 சதவீத செஸ் வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது ஒரே 40 சதவீதமாக ஆகியிருக்கிறது. விருதுநகர்க்காரருக்கும் அட்லாண்டாக்காரருக்கும் ஒரே விகிதம்தான்.

கேள்வி: கண்ணாடிப் பாட்டிலில் குடித்தால் சுர்ரென்று இருக்கிறதே, பிரமையா?
(இல்லத்தரசி, செல்லூர்)

பதில்: பிரமை இல்லை. பிளாஸ்டிக் வழியாகக் கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும், கண்ணாடி விடாது. பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும்போது அடைத்த தேதியைப் பார்த்து, புதிதாக உள்ளதை எடுங்கள்.