மெய்யியலை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் ஐயா,

நான் பேராதனையில் கலைப்பீட முதலாம் வருட மாணவி. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். மெய்யியலில் சிறப்புப் பட்டம் செய்ய ஆசை. ஆனால் பிளேட்டோ இப்படிச் சொன்னார், டேக்கார்ட் அப்படிச் சொன்னார் என்று நோட்ஸைப் பாடமாக்கித்தான் பரீட்சை எழுதினேன். இதுதானா மெய்யியல்? இதைப் படித்து என்ன வேலை எடுப்பாய் என்று அம்மாவும் கேட்கிறார்.

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

யார் என்ன சொன்னார் என்பதும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சொன்னது சரிதானா என்று நீங்களே இறங்கிக் கேட்காதவரை மெய்யியல் தொடங்கவில்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையை எடுங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் பூதவாதி, அதாவது உலகம் பூதங்களால் ஆனது என்னும் பொருள்முதல்வாதி. காட்சியை, அதாவது புலன்களால் நேரே அறிவதைத் தவிர வேறு அளவையை, அறியும் வழியை, அவன் ஏற்பதில்லை. அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள்.

இந்த இடத்தில் கைதட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடாதீர்கள். பூதவாதிக்காக வாதாடிப் பாருங்கள். "நான் அனுமானிக்கவில்லை, வீட்டார் சொல்லி அறிந்தேன்" என்று அவன் சொல்லலாமே. சொன்னால் அவன் தப்பமாட்டான். காட்சிக்கு வெளியே இன்னொரு வழியை ஒத்துக்கொண்டவன் ஆகிறான். ஆனால் மணிமேகலைக்கும் சிக்கல் வருகிறது. பிறர் சொல்லை நம்புவது அனுமானமா, தனி அளவையா?

இந்திய மெய்யியலில் நியாயம் என்னும் மரபு காட்சி, அனுமானம், உவமை, உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று நான்கு அளவைகளை வைக்கிறது. பௌத்த அளவையியல் முதல் இரண்டோடு நிறுத்துகிறது. 29ஆம் காதையில் அதைப் பார்க்கலாம். சொல்பவர் நம்பத்தக்கவர், ஆகவே அவர் சொல்வது உண்மை என்பதும் ஓர் அனுமானம்தானே என்பது அந்தப் பக்கத்து வாதம். 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர்களான ஹியூமும் தாமஸ் ரீடும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் பிரிகிறார்கள். அம்மா சொல்வதை நம்பும் குழந்தை இப்படியொரு கணக்குப் போடுவதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் நான் நியாய மரபின் பக்கம் சாய்கிறேன். ஆனால் நம்புவது வேறு, நம்பியது அறிவாக நிற்பது வேறு என்று பௌத்தர் திருப்பிக் கேட்டால், அது வலுவான கேள்வி.

இந்த விடுமுறையில் இதை ஒரு பக்கம் எழுதுங்கள். முதலில் நீங்கள் ஏற்காத தரப்பை, அவர்களே வாசித்தால் தலையாட்டும்படி எழுத வேண்டும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் அப்படித்தான் பிறர் கொள்கையைச் சொல்லி, அப்புறம் மறுக்கிறது. இந்த நூல்களின் விளக்கவுரையோடு கூடிய பதிப்புகளை உங்கள் ஊரிலேயே, தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடிப் பாருங்கள். எழுதும்போது அலுப்புத் தட்டினால் சிறப்புப் பட்டத்துக்கு வேறு பாடம் யோசிக்கலாம். தூக்கம் கெட்டால் மெய்யியலையே எடுங்கள்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் தோற்றலாம். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஒரு பாடமாக இருப்பதால் அதைப் படிப்பிக்கவும் ஆட்கள் வேண்டும். வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். மற்றக் கலைப் பாடங்களுக்கும் அந்த உறுதி இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆங்கில வாசிப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே படிப்பித்த கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றி 1963இல் வெளியிட்ட நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிறர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அதிலும் வருகிறது. நாளுக்கு ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கக் கட்டுரையை எழுதி முடித்தால் எனக்கு அனுப்புங்கள்.