நட்ட கல்லும் நாலைந்து கேள்வியும்

வரப்போரம் சாய்ந்து கிடந்த, சூலம் வெட்டிய ஓர் எல்லைக்கல்லைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதிலிருந்து தபால்காரர் கொண்டுவருவதெல்லாம் கல்தான். நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்துக் காலம் தள்ளியவன் நான், எனக்கும் வேறு என்ன தெரியும்? பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

செங்கம் வாசகர்: எங்கள் கொல்லை மேட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு பலகைக் கல் நிற்கிறது. வில்லும் கத்தியுமாக ஓர் ஆள், மேலே ஏதோ கிறுக்கல். பாட்டி காலத்திலிருந்து வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். ரோடு அகலமாகப் போகிறதாம். கல்லைப் பெயர்த்து வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. கடப்பாரையை உள்ளே வையுங்கள். நீங்கள் கிறுக்கல் என்பது பெரும்பாலும் வட்டெழுத்தாக, அதாவது தமிழை அந்தக் காலத்தில் எழுதிய பழைய எழுத்தாக இருக்கும். உங்கள் சீமையில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவன், ஊரைக் காக்கப் போய் அம்பு வாங்கியவன் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கல். யார் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான், எல்லாம் அந்த நாலைந்து வரியில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் போன பிறகு அவன் வேடியப்பன் ஆகிவிட்டான். அதில் தப்பொன்றும் இல்லை. பொங்கல் வைத்ததால்தான் கல் இத்தனை நாள் பிழைத்தது. சாமி ஆகாத கற்கள் பல கிணற்றுச் சுவருக்குள் போய்விட்டன.

உங்கள் பக்கத்திலேயே எடுத்தனூர் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல், அவனது 34-ஆம் ஆட்சியாண்டு என்று பொறித்திருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அந்தக் கல்லில் ஒரு நாயும் நிற்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு காவல் நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது.

இந்த வழக்கம் இன்னும் பழசு. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி என்ற, வட்டெழுத்துக்கும் முந்தைய எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று இருக்கிறது. கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டையில் பட்டவனுக்கு எடுத்த கல். தொல்காப்பியம் கல் நடுவதற்கே ஒரு வரிசை சொல்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து. குறளில் ஒரு வீரன் ‘என் தலைவன் எதிரே நிற்காதீர்கள், முன்பு நின்றவர்கள் இப்போது கல்லாக நிற்கிறார்கள்’ என்று எகத்தாளம் பேசுகிறான். கேட்பவனுக்கு நடுகல் தெரிந்திருந்தால்தானே அந்த மிரட்டல் எடுபடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அந்த மேட்டில் விழுந்திருக்கலாம், இல்லை அவன் காத்த ஊர் வழி அந்தப் பக்கம் போயிருக்கலாம். இடம் மாறினால் பாதிச் செய்தி போச்சு. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் அவர்கள் வந்து, நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு நகர்த்தட்டும். அதுவரை எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், மாலை போடுங்கள். பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

திருச்சி வாசகர்: ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்று சித்தர் எப்போதோ கேட்டுவிட்டார். நீங்கள் இன்னும் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்களே?

சிவவாக்கியர் கேட்டது பூ சாத்தி மொணமொணவென்று சுற்றி வருகிறவர்களை. அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எழுத்து வெட்டிய கல் பேசும், அதற்கு ஒரு டார்ச் லைட் வேண்டும். உச்சி வெயிலில் எந்தக் கல்வெட்டும் மொழுக்கென்றுதான் தெரியும். பொழுது சாயும்போது போங்கள், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும்.

முறையாகப் படி எடுப்பவர்கள் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். அப்புறம் மை ஒற்றி. மேடெல்லாம் கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். இதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு இந்தக் கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.

திண்டுக்கல் வாசகி: வயலின் வடகிழக்கு மூலையில் இருந்த சர்வே கல்லைக் காணோம். பக்கத்து வயல்காரர் இங்கே கல்லே இருந்ததில்லை என்கிறார்.

அம்மா, எனக்குப் பழக்கமான பல்லவி. காணாமல் போன சர்வே கல்லைத் தேடிப் போனால் டிராக்டர் பெயர்த்து வரப்பில் புதைந்திருக்கும், அல்லது யார் வீட்டுப் பின்கட்டிலாவது துணி துவைக்கும் கல்லாக இருக்கும். அதிகாரியைக் கண்டதும் வீட்டுக்கார அம்மா ஈரப்புடவையை அதன்மேல் போர்த்திவிடுவார்.

கல் போனால் எல்லை போய்விடாது. புலப்படம் என்று சர்வே துறை வரைந்து வைத்திருக்கும் வரைபடத்தில் உங்கள் வயலின் ஒவ்வொரு மூலையும் அளவோடு இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் அளந்து காட்டச் சொல்லி மனுப் போடுங்கள், மீதி மூலைகளிலிருந்து அளந்து இந்த மூலையைக் கொண்டுவந்துவிடலாம். நில அளவைக் கல்லைப் பிடுங்குவது 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி தப்பு. அண்டை வீட்டாரிடம் இதைப் பதமாகச் சொல்லுங்கள், எடுத்த எடுப்பிலேயே வக்கீலைக் கூட்டிப் போகாதீர்கள்.

சோழர் காலத்துச் செப்பேடுகளில் எல்லை குறிக்கும் முறை இதைவிடக் கம்பீரம். ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியே ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ எல்லை செய்தார்கள். ஒன்று அசையாது, மற்றொன்றைப் பிடுங்கப் போனால் கையில் பால் வடியும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். சிவன் கோயில் நிலம் என்றால் கல்லில் சூலம், பெருமாள் கோயில் என்றால் சக்கரம். படிக்கத் தெரியாதவனுக்கும் புரிய வேண்டும் அல்லவா? வெள்ளைக்காரன் காலத்தில் யானை போய்ச் சங்கிலி வந்தது. 66 அடி, நூறு கண்ணி. கிரிக்கெட் பிட்ச் நீளமும் அதே 66 அடிதான், பேரனிடம் சொல்லிப் பாருங்கள்.

மதுரைக் கல்லூரி மாணவர்: கல்லையே காசாக வைத்திருந்த நாடு உண்டாமே?

உண்டு தம்பி. பசிபிக்கில் யாப் என்ற தீவு. அங்கே அந்த வகைச் சுண்ணாம்புக்கல் கிடையாது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பலாவ் தீவுகளுக்குப் படகில் போய், பாறையை வட்டமாக வெட்டி, கழி செருகித் தூக்க நடுவில் துளை போட்டுக் கடலில் கொண்டுவருவார்கள். சின்னது சாண் அளவு, பெரியது பன்னிரண்டு அடி விட்டம், நாலு டன். நாலு டன் காசை யார் மடியில் கட்டுவது? அதனால் கல் நின்ற இடத்திலேயே நிற்கும். ‘இன்று முதல் இது இன்னார் கல்’ என்று ஊர் ஒத்துக்கொண்டால் போதும். நம் பட்டா மாறுதல் மாதிரி. நிலம் நகர்கிறதா என்ன?

ஒரு தடவை கொண்டுவரும் வழியில் புயலடித்துக் கல் கடலுக்குள் போய்விட்டது. கூடப் போனவர்கள் கரையேறி, கல் இத்தனை பெரிது, இத்தனை நேர்த்தி, கொண்டுவந்தவன் மேல் குற்றமில்லை என்று சாட்சி சொன்னார்கள். கடலடியில் கிடந்தால் என்ன, கல் கல்தானே என்று அந்தக் குடும்பத்தைப் பணக்காரக் குடும்பமாகவே ஊர் வைத்துக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் செத்து இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகும் அப்படித்தான்.

இதைவிட ருசியான கதை ஒன்று உண்டு. தீவு ஜெர்மன்காரர்கள் கைக்குப் போனதும், பாதைகளைச் செப்பனிடச் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. அதிகாரிகள் ஓர் ஆளை அனுப்பிப் பெரிய கற்களின் மேல் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, இவை இனி சர்க்கார் சொத்து என்றார்கள். கல் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் ஊரே ஏழையாகிவிட்டது. பதறிப் போய்ப் பாதையைப் போட்டுக் கொடுத்தார்கள், குறியை அழித்தார்கள், எல்லோரும் மறுபடி பணக்காரர்கள். இப்போது கடையில் அரிசி வாங்க அங்கே அமெரிக்க டாலர்தான். கல்யாணம், நில விவகாரம் என்றால் இன்றும் கல் கைமாறுகிறது.

இடம் மாறினால் கல்லுக்குப் பாதி உயிர் போய்விடும் என்று செங்கத்துக்காரருக்கு மேலே உபதேசம் செய்தேன். யாப் தீவுக்காரன் ஒரு படி மேலே போய்விட்டான். அவனுக்குக் கல் கண்ணில்கூடப் பட வேண்டாம்.

கும்பகோணம் வாசகி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அம்மி மிதிப்பதற்கு மண்டபத்திலேயே அம்மி தருகிறார்களாம். எங்கள் வீட்டு அம்மியைத்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறார் மாமியார்.

மாமியார் கட்சி நான். மண்டபத்து அம்மி மிளகாயைக் கண்டிருக்காது, வாரத்துக்கு நாலு கால் மட்டும் பட்ட கல். வீட்டு அம்மியைத் தூக்கத் தெம்புள்ள இரண்டு பேர் இருந்தால் கொண்டுபோங்கள். அந்தச் சடங்கில் சொல்லும் மந்திரத்துக்கு, இந்தக் கல்லைப் போல உறுதியாக நில் என்று பொருள். பெண்ணுக்கு மட்டும்தான் அந்தப் புத்திமதி, மாப்பிள்ளை பக்கத்தில் குனிந்து காலைப் பிடித்து வைப்பதோடு சரி. அவரையும் ஒரு மிதி மிதிக்கச் சொல்லலாம் என்பது என் கட்சி. சாஸ்திரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அம்மி வழுவழுப்பாகிவிட்டதென்று எழுதியிருக்கிறீர்கள். கொத்துகிறவர் கிடைத்தால் கொத்தி வாங்குங்கள். கொத்திய கையோடு சட்னி அரைத்தால் பல்லில் கடிபடும். ஒரு பிடி கல்லுப்பையும் தவிட்டையும் இரண்டு மூன்று முறை அரைத்துக் கொட்டிவிட்டு, கழுவிய பிறகு தேங்காய் வையுங்கள்.

அரியலூர் வாசகர்: தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல். இரண்டும் உண்மைதானே?

இரண்டும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் நிழலிலேயே உட்கார்ந்து கடலை தின்னலாம். உச்சியில் இருப்பதும் ஒற்றைக் கல் அல்ல, துண்டுகளாகச் சேர்த்தது. பக்கத்தில் பாறையே இல்லாத தஞ்சாவூருக்கு இத்தனை கருங்கல்லைக் கொண்டுவந்து 216 அடிக்கு ஏற்றியதே வாயைப் பிளக்க வைக்கும் விஷயம், அதற்குமேல் எதற்குப் பொய்?

எங்கள் துறைக்கும் அந்தக் கோயிலுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பரங்கிமலைப் பக்கம் 1802-இல் நாட்டையே அளக்கத் தொடங்கிய லாம்டன், 1808-இல் தியோடலைட் என்ற, கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தன் கருவியை இந்தக் கோயிலின் மேல் ஏற்றினார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வளைந்து போனதை வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினாராம் மனிதர்.

பல்லாவரம் வாசகர்: எங்கள் ஊர்க் கருங்கல்லுக்கு ஏதாவது பெருமை உண்டா? இப்போது குவாரிப் பள்ளம்தான் மிச்சம்.

உங்கள் ஊருக்கு இரட்டைப் பெருமை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில்தான் சரளைக் குழியிலிருந்து ஒரு கைக்கோடரியை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம் அவர் கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் வயது என்று பின்னாளில் கணித்தார்கள்.

இரண்டாவது, நீங்கள் கருங்கல் என்று சொல்வதற்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் குடியேறிய ஜாப் சார்னோக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போயிருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நியாயமாகப் பல்லாவரைட் என்று இருந்திருக்க வேண்டும்.

சென்னை வாசகி: ஆசையாக வாங்கிய கல்சட்டி முதல் நாளே விரிசல் விட்டுவிட்டது. கல்லும் உடையுமா?

மாக்கல் அம்மா அது, நகத்தால் கீறினாலே கோடு விழும். பழக்காமல் நேரே அடுப்பில் வைத்திருப்பீர்கள். அடுத்த சட்டிக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அப்புறம் தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றி, ஆறியதும் கொட்டுங்கள். ஒரு வாரம் கழித்துச் சின்னத் தீயில் தொடங்குங்கள். காய்ந்த சட்டியில் பச்சைத் தண்ணீர் விடக் கூடாது, சோப்புப் போடக் கூடாது. வத்தக்குழம்பு முக்கால் பதம் வந்ததுமே அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதியைச் சட்டியே பார்த்துக்கொள்ளும். விரிசல் விட்டதைத் தூக்கிப் போடாதீர்கள், உப்புப் போட்டு வைக்கலாம்.