தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தால் கேரளக் கல்லூரியில் இங்கிலீஷ் பேப்பர் பாஸாக முடியுமா?

கேட்டிருப்பவர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, காலிகட் யூனிவர்சிட்டியின் கீழ் உள்ள கல்லூரியில் முதல் செமஸ்டர் சேர்ந்திருக்கிறார். இங்கிலீஷ் வகுப்பில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று புரியவில்லை, சப்ளி (தோற்ற பேப்பரை மறுபடி எழுதுவது) விழுந்துவிடுமோ என்று பயம்.

பாஸாகலாம், நல்ல கிரேடே வாங்கலாம். இந்தப் பேப்பரில் சப்ளி விழுவது பெரும்பாலும் இங்கிலீஷ் வராததால் இல்லை, கேள்வித்தாளின் கணக்குத் தெரியாததால்தான். இந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

2024-ல் நான்கு வருடப் படிப்பு வந்த பிறகு சேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய பேட்ச்களுக்குக் கணக்கு வேறு. பொது இங்கிலீஷ் பேப்பர் 3 கிரெடிட், மொத்தம் 75 மார்க். இதில் 25 இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மார்க்; 50 யூனிவர்சிட்டி பரீட்சை. பரீட்சைக்கு ஒன்றரை மணி நேரம்.

அந்த 50 மார்க்கில்தான் விஷயம் இருக்கிறது. ஏ பிரிவில் 2 மார்க் கேள்வி 10 வரும், ஆனால் மேலே ‘சீலிங் 16’ என்று போட்டிருக்கும். பி பிரிவில் 6 மார்க் கேள்வி 5, சீலிங் 24. சி பிரிவில் கட்டுரை, இரண்டில் ஒன்று, 10 மார்க். சீலிங் 16 என்றால் எட்டுக் கேள்வி எழுதினால் போதும் என்று நினைத்துப் பேனாவை மூடி வைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்தையும் எழுதலாம், பத்தையும் திருத்துவார்கள், கூட்டினால் 16-க்கு மேல் போகாது, அவ்வளவுதான். கேள்விக்கு ஒன்றரை மார்க் கிடைக்கிறது என்று வையுங்கள். எட்டு எழுதியவருக்கு 12, பத்தும் எழுதியவருக்கு 15. பி பிரிவில் ஆறுக்கு நாலு கிடைத்தால், நாலு கேள்வி எழுதியவருக்கு 16, ஐந்தும் எழுதியவருக்கு 20. ஆக, ஒரே அறிவு உள்ள இரண்டு பேருக்கு நடுவில் 7 மார்க் வித்தியாசம். சீலிங் முறை உதவுவது அரைகுறையாகத் தெரிந்தாலும் விடாமல் எழுதுகிறவர்களுக்குத்தான். உங்களுக்காகவே போட்டது மாதிரி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: ஏ பிரிவுக்கு 25 நிமிடம், பி பிரிவுக்கு 45, கட்டுரைக்கு 15. மீதி 5 நிமிடம் திருத்திப் பார்க்க. கட்டுரை நன்றாகத் தெரியும் என்று அதை முதலில் எழுத ஆரம்பித்தால் அரை மணி அதிலேயே போய், பி பிரிவில் கடைசி இரண்டு கேள்வி வெறுமையாக நிற்கும்.

பதில் எப்படி இருக்க வேண்டும்? இரண்டு மார்க்குக்கு இரண்டு மூன்று வாக்கியம். முதல் வாக்கியமே பதிலாக இருக்கட்டும், ஆசிரியர் வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஆறு மார்க் பதிலில் சொல்ல வந்ததை முதல் வரியில் சொல்லிவிட்டு, பாடத்திலிருந்து இரண்டு இடங்களைக் காட்டி, அவை எப்படிப் பொருந்துகின்றன என்று ஒரு வரி எழுதுங்கள். கதைச் சுருக்கம் மட்டும் எழுதினால் பாதிக்கு மேல் போடுவது கஷ்டம். கதையைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் ஆரம்பித்தால் கடைசி வரை நிகழ்காலத்திலேயே போங்கள். பாதியில் இறந்தகாலத்துக்குத் தாவுவதுதான் நான் அதிகம் சிவப்பு மை வைக்கும் இடம்.

இலக்கணத்தில் மலையாள மீடியம் பிள்ளைகள் உங்களை விட மேல் என்று நினைத்துத் தலை குனிய வேண்டியதில்லை. மலையாளத்தில் ‘போயி’ என்றால் யார் போனாலும் போயிதான். தமிழில் போனான், போனாள், போனேன் என்று விகுதி மாறுகிறது. எழுவாய் மாறினால் வினையும் மாறும் என்பது உங்கள் நாக்கிலேயே இருக்கிறது. ‘ஹி’, ‘ஷி’ வரும்போது நிகழ்கால வினைக்குப் பின்னால் ஓர் ‘எஸ்’ போடுவதை அதே உணர்வோடு பழகிக்கொள்ளுங்கள். ‘எ’, ‘தி’ போடுவதில் இரண்டு பேரும் ஒரே நிலைமைதான், இரண்டு மொழியிலும் அது கிடையாது.

“மார்க் வாங்கத்தான் சொல்லித் தருகிறாயா, மொழி வேண்டாமா” என்று யாராவது சண்டைக்கு வரலாம். மொழி வேண்டும். ஆனால் முதல் செமஸ்டரிலேயே சப்ளி விழுந்த பிள்ளை அப்புறம் இங்கிலீஷ் புத்தகத்தைத் தொடவே பயப்படுகிறது. முதலில் பயம் போகட்டும்.

இன்டர்னலில் டெஸ்டுக்குத்தான் எடை அதிகம், அடுத்தது செமினார் அல்லது வைவா (வாய்மொழித் தேர்வு), கடைசியில்தான் அசைன்மென்ட். நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, உள்ளே முழுக்க நெட்டில் எடுத்தது. அதை வைத்து வைவாவில் இரண்டு கேள்வி கேட்டால் பதில் வராது. நான்கு பக்கம் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள், பிழை இருந்தால் பரவாயில்லை. செமினாருக்கு முழுப் பேச்சையும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், ஒரு அட்டையில் ஐந்தாறு சொல் குறித்து வைத்துப் பேசுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு பொறுக்கவில்லை. டெஸ்ட் தேதி மாறினால் கையால் எழுதிய மலையாள நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மலையாளம் காதில் விழுந்தால் புரியும், எழுத்துத் தெரியாது என்ற பிள்ளைகள் இந்தப் பகுதியில் நிறைய. தேதி தெரியாமல் இன்டர்னல் டெஸ்டையே விட்டவர்கள் உண்டு. கேரள அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் வாங்க 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழர்களுக்கு உரிமை தந்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு டெஸ்ட் தேதியை இங்கிலீஷிலாவது எழுதி ஒட்ட என்ன கஷ்டம்? அதுவும் இங்கிலீஷ் டெஸ்டுக்கு! வகுப்புத் தோழர் ஒருவரை நோட்டீஸ் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இன்டர்னல் மார்க்கை யூனிவர்சிட்டிக்கு அனுப்பும் முன் உங்களுக்குக் காட்டுவார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குறை இருந்தால் முதலில் துறையில், அங்கே தீராவிட்டால் கல்லூரி அளவில், அதற்கும் மேல் யூனிவர்சிட்டியில் முறையிடலாம். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும்.