சாயும் கத்தரி நாற்று: குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த கேள்விக்கு

மருந்துக்கு முன்னால் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், மேல்மண் காயும்வரை பூவாளியைத் தொடவே வேண்டாம். மழை விட்டும் கத்தரி நாற்று திட்டுத்திட்டாகச் சாய்கிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் நாற்றழுகல்தான், அதாவது பூஞ்சாணத்தால் நாற்றின் அடித்தண்டு அழுகும் நோய். கார்த்திகை ஈரத்தோடு மார்கழிப் பனியும் சேர்ந்தால் தட்டைப் பாத்தியில் பூஞ்சாணம் சும்மா விடாது.

சாய்ந்த நாற்றைப் பிடுங்கி, மண்ணை ஒட்டிய தண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று நீர் கோத்திருந்தால் அழுகல். லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியைக் கலந்து, வேரடி மண் நனைய ஊற்றுங்கள். கடித்து நறுக்கியது போல இருந்தால் வெட்டுப்புழு, அதற்கு இந்த மருந்து வீண்.

இன்னொன்று, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா போட்டிருந்தால் இந்த மருந்தில் அதுவும் பாதிக்கப்படலாம், அப்புறம் இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டியிருக்கலாம். சாய்ந்தது பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், தாமதிக்காதீர்கள்.