லாரி கேபினில் போன் பாட்டு: ஒரு வண்டி எலக்ட்ரீசியனின் கேள்வி பதில்

சங்ககிரியில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஸ்டார்ட்டரும், வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரும்தான் பிழைப்பு. ஆனால் வண்டியை எடுத்துக் கிளம்பும் நேரத்தில் டிரைவர்கள் கேட்பதெல்லாம் பாட்டு செட்டைப் பற்றித்தான். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, காரிலிருந்து கழற்றிய புளூடூத் செட் ஒன்று சும்மா கிடைத்தது. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து மாட்டிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? (12 சக்கர வண்டி டிரைவர், சேலம்)

மாட்டினால் பாடும் தம்பி. உடனே ஒன்றும் ஆகாது என்பதால்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். உங்கள் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஓடும்போது ஆல்டர்நேட்டர் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 28 வோல்ட் கொடுக்கும். எந்தப் பேட்டரி அதிகம் இறங்கியிருக்கிறது என்று அது பார்க்காது. ஒன்றிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் அது எப்போதும் அரைகுறை சார்ஜில் கிடக்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். கடைசியில் ஓசியில் வந்த செட்டுக்காக இரண்டு பேட்டரி வாங்குவீர்கள்.

24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட்டுக்கு 10 ஆம்பியர் போதும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே பியூஸ் வையுங்கள். அப்புறம் செட்டின் பின்னால் உள்ள ஒயர்கள்: மஞ்சள் நேரடி சப்ளை, சிவப்பு சாவி போட்டால் வரும் சப்ளை, கருப்பு எர்த். காரில் மஞ்சளுக்கு எப்போதும் கரண்ட் இருக்கும். லாரியில் நான் கன்வெர்ட்டரையே சாவிக்குப் பின்னால் வைத்து, மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து அதிலிருந்துதான் கொடுப்பேன். அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் ஸ்டேஷனும் அழிந்துபோகும்தான், போகட்டும். லோடுக்காக இரண்டு மூன்று நாள் நிற்கிற வண்டியில் கன்வெர்ட்டர் சும்மா இருந்தே பேட்டரியை இறக்குவது அதைவிட மோசம்.

இன்னொன்று, ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை பாடியில் எர்த் செய்யாதீர்கள். பழைய டேப் செட்டுகளில் அப்படி ஓடியிருக்கும். இப்போதைய செட்டில் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும்.

எனது டாடா ஏஸ். எனக்கும் கன்வெர்ட்டர் வேண்டுமா?

வேண்டாம். உங்களுடையது 12 வோல்ட் வண்டி. கார் செட்டை நேராக மாட்டலாம்.

போனையும் செட்டையும் இணைக்கும் ஆக்ஸ் ஒயரில் பாட்டு கேட்கிறேன். போனை சார்ஜில் போட்டால் மட்டும் 'ஊய்ங்' என்று இரைச்சல். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க சத்தமும் ஏறுகிறது. செட் கெட்டுவிட்டதா? (ஈரோடு)

செட் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்பது ஆல்டர்நேட்டரின் பாட்டு. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னொரு எர்த் என்று போனுக்கு இரண்டு பாதை கிடைத்துவிடுகிறது. ஆல்டர்நேட்டரின் இரைச்சல் அந்த வளையத்தில் புகுந்து ஸ்பீக்கருக்கு வருகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டப்பா ஒன்று விற்கிறது. அதை ஆக்ஸ் ஒயரின் நடுவில் போட்டால் சரியாகும். புளூடூத்துக்கு மாறினாலும் இந்த இரைச்சல் போய்விடும், போனுக்கும் செட்டுக்கும் இடையே ஒயரே இல்லையே.

போன் பாட்டை செட்டின் ரேடியோவில் கேட்க, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். ஓசூரில் நன்றாக இருந்தது, சென்னையை நெருங்கினால் கரகரவென்று யாரோ பேசுகிறார்கள். (ஓசூர்)

நீங்கள் வைத்த அலைவரிசைக்கு அருகிலேயே சென்னையில் ஒரு ஸ்டேஷன் இருக்கும். 93.5, 98.3, 106.4 எல்லாம் அங்கே ஓடுகிற ஸ்டேஷன்கள். அவர்கள் டவரின் முன் உங்கள் குட்டி டிரான்ஸ்மிட்டர் நிற்காது. பெரும்பாலான கருவிகளும் செட்டுகளும் 87.5 வரை இறங்கும். அந்த அடி ஓரத்தில் பொதுவாகக் கூட்டம் இருக்காது, அங்கே வைத்துப் பாருங்கள். மாற்றுவதை வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

வாங்குமுன் கருவியின் மேல் '12-24 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 12 என்று இருந்தால் லாரியில் புகைந்துவிடும். போன் சார்ஜருக்கும் இதே கதைதான்.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போகிறோம். காட்டுப் பாதையில் சிக்னல் போனதும் பாட்டும் போய்விடுகிறது. (திருச்செங்கோடு)

ஊரில் வைஃபை இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 60 எம்பியைக்கூடத் தொடாது. வீடியோவாக ஓடவிட்டு அதில் பாட்டு கேட்பதுதான் டேட்டாவைத் தின்பது. திரையும் எரிந்துகொண்டே இருப்பதால், வெயிலில் டேஷ்போர்டில் கிடக்கும் போன் சூடாகி சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும்.

காதில் புளூடூத் மாட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? ஒரு காதில்தான் மாட்டுகிறேன். (நாமக்கல்)

என் வேலை செட் மாட்டுவது, அதனால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். லாரி டிரைவருக்குப் பாதித் தகவல் காது வழியாகத்தான் வருகிறது. பிரேக்கின் ஏர் லைனில் 'உஸ்' என்று கசிவது, காற்று குறைந்தால் அடிக்கும் பஸ்ஸர், பின்னால் டயர் வெடித்த சத்தம், ரிவர்ஸ் எடுக்கையில் கிளீனர் பாடியில் தட்டுவது. ஒரு காதை அடைத்தால் சத்தம் கேட்கும், ஆனால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சட்டென்று பிடிபடாது. ஓவர்டேக் செய்கிறவனின் ஹாரனுக்கு அது முக்கியம். பாட்டு கேபினில் ஓடட்டும், காது திறந்தே இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது கிளீனர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் கேட்க வேண்டும், அதற்கு மேல் வால்யூம் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதல் கணக்கில் வருகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2020 அக்டோபரில் வந்த விதி, வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்த விடுகிறது. பாட்டு மாற்றுவது அதில் இல்லை. கிளம்பும் முன் நீளமான பட்டியலாக ஓடவிடுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் கிளீனரிடம் கொடுங்கள்.

கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். செட் மாட்டித் தருவீர்களா?

ஓனர் எழுதிக் கொடுத்தாலும் மாட்டேன். அந்த வண்டியின் ஒயரிங்கும் கட்-ஆஃப் சுவிட்சும் பாதுகாப்புக்காகச் செய்தவை, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ரோட்டில் ஓடும்போது தனி பேட்டரியுள்ள சின்ன புளூடூத் ஸ்பீக்கர் போதும். பிளான்ட்டுக்குள் நுழையும் முன் போனோடு அதையும் அணைத்து வெளியே ஒப்படையுங்கள்.

நடு இரவில் தூக்கம் வராமலிருக்க என்ன மாதிரிப் பாட்டு போடலாம்? (வண்டி ஓனர், கரூர்)

சார், எந்தப் பாட்டும் தூக்கத்தைத் தடுக்காது. குத்துப்பாட்டு கொஞ்ச நேரம் உசுப்பும், அவ்வளவுதான். இரவு 2 மணிக்கு மேல் விடியும் வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றும் சொன்னது. செட்டுக்கு ஒதுக்கிய பணத்தை மாற்று டிரைவர் படிக்குக் கொடுங்கள்.

போன் கால் ஸ்பீக்கரில் வருகிறது, பாட்டு மட்டும் போனிலேயே பாடுகிறது.

போனில் புளூடூத் பக்கத்துக்குப் போய், உங்கள் செட்டின் பெயருக்குள் 'மீடியா ஆடியோ' அணைந்திருந்தால் போடுங்கள். அங்கே அப்படி ஒன்றே இல்லை என்றால் அது கால் பேச மட்டும் செய்த கருவி.

அப்பாவிடம் பட்டன் போன்தான். பழைய பாட்டு கேட்க ஆசைப்படுகிறார்.

போனை விட்டுவிடுங்கள். யுஎஸ்பி உள்ள செட்டாகப் பார்த்து, 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ‘ஃபேட் 32’ (FAT32) முறையில் ஃபார்மட் செய்து எம்பி3 கோப்புகளாக ஏற்றிக்கொடுங்கள். வேறு வகைக் கோப்பு போட்டால் பல செட்டுகள் படிக்காது. பட்டன் பெரிதாக இருக்கும் செட்டாக வாங்குங்கள்.