எச்-குறியீடு 20 என்பதை எப்படி மதிப்பிடுவது?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரணு உயிரியலில் முனைவர் பட்டம் பெற விரும்பும் தங்கள் மகளுக்கு வழிகாட்டியைத் தேடுகையில், ஒருவரின் எச்-குறியீடு 20 என்பதை எப்படி எடுத்துக்கொள்வது எனக் கேட்டுள்ளீர்கள். 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த இந்த அளவீட்டின்படி, எச்-குறியீடு 20 உள்ள ஆய்வாளருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் பிற ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்ல இது கூடுமே தவிரக் குறையாது. ஆகவே இளையவரை மூத்தவரோடு ஒப்பிடுவது முறையன்று. மேலும், மேற்கோள் பயன்பாட்டைக் காட்டுமே ஒழிய ஆழத்தைக் காட்டாது: புரதத்தை அளக்கும் முறையை விவரித்த லோரி குழுவினரின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆய்வகந்தோறும் கையாளப்பட்ட செய்முறை என்பதாலேயே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. என்னைக் கேட்டால், எண்ணைவிடக் கட்டுரைகளில் ஆசிரியர்களின் பெயர் வரிசையையே முதலில் பார்ப்பேன். இத்துறையில் பெரும்பாலும் முதற்பெயர் சோதனைகளைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. எனவே அவர் கடைசியாக இடம்பெறும் அண்மைக் கட்டுரைகளில் மாணவர்களுக்கு முதலிடம் கிடைத்திருக்கிறதா எனத் தங்கள் மகள் பார்க்கட்டும்.